வரி மாறினால் எத்தனை வரியை மாற்றுவீர்கள்?

மாணவர்களே, வீட்டில் கிடக்கும் கடை ரசீது ஒன்றை எடுத்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். பொருள்களின் விலையையெல்லாம் கூட்டிய பிறகு 'ரவுண்டிங்' என்று ஒரு சிறு வரி இருக்கும். அதற்கு எதிரே 0.02 என்றோ, கழித்தல் குறியுடன் 0.01 என்றோ அச்சாகியிருக்கும். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையைக் கிட்டிய 5 சென்னுக்கு மாற்றிக்கொள்கிறோம். 1, 2 என முடிந்தால் கீழே இறங்கும். 3, 4 என முடிந்தால் 5 ஆகும். 6, 7 என முடிந்தால் 5க்கு இறங்கும். 8, 9 என முடிந்தால் அடுத்த 10க்கு ஏறும். தொடக்கப்பள்ளியில் 'கிட்டிய பத்து' படித்தீர்களே, அதன் தம்பிதான் இது.

இந்தக் கணக்கைக் கடைக்காரர் மனத்தில் போடுவதில்லை. கல்லாவில் இருக்கும் கணினியில் ஒரு நிரலர் அதை எழுதி வைத்திருக்கிறார். இன்று நாம் பார்க்கப்போகும் கேள்வி: அவர் அதை எங்கே எழுதி வைத்தார்? ஓர் இடத்திலா, பத்து இடத்திலா?

கேமரன் மலையில் ஒரு தங்கும் விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே அறுபது அறைகள், கீழே எப்போதும் கூட்டம் நிற்கும் ஓர் உணவகம். இரண்டுக்கும் சேவை வரி வசூலிக்க வேண்டிய அளவுக்கு வியாபாரம். விடுதியின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு 6 விழுக்காடு தள்ளுபடியும் உண்டு. இதற்கான நிரல் முழுவதும் ஒரே கோப்பில், மேலிருந்து கீழாக எண்ணூறு வரிகளில் இருக்கிறது. அறைக்கான ரசீது ஓரிடம், உணவுக்கான ரசீது வேறோரிடம், முன்பதிவு ரத்தானால் பணத்தைத் திருப்பித் தரும் பகுதி இன்னோரிடம், மாத இறுதி அறிக்கை கடைசியில். இந்த நான்கிலும் வரிக் கணக்கு வேண்டும். நிரலர் முதல் இடத்தில் எழுதியதைப் பிரதி எடுத்து மற்ற மூன்றிலும் ஒட்டிவிட்டார். நிரல் நன்றாகவே ஓடியது. யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது நாட்காட்டியைத் திருப்புவோம். 2015 ஏப்ரல் 1 அன்று ஜிஎஸ்டி எனப்படும் பொருள் சேவை வரி 6 விழுக்காட்டில் வந்தது. 2018 ஜூன் 1 அன்று அது 0 ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. விடுதிக்கு மறுபடியும் 6. பிறகு 2024 மார்ச் 1 அன்று பல சேவைகளுக்கான வரி 8 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் உணவு, பானச் சேவைக்கு 6 விழுக்காடே நீடித்தது. ஆக, மேலே உறங்குபவருக்கு 8. கீழே சாப்பிடுபவருக்கு 6.

2024 பிப்ரவரி இறுதியில் நம் நிரலரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கோப்பைத் திறக்கிறார். 'தேடி மாற்று' வசதியில் 0.06 என்று இருக்கும் இடத்திலெல்லாம் 0.08 என்று மாற்றச் சொல்கிறார். ஒரு நொடியில் வேலை முடிந்தது. மறுநாள் காலை உணவகத்தில் ரொட்டி சானாய் சாப்பிட்டவரிடமும் 8 விழுக்காடு வரி பிடிக்கப்படுகிறது. உறுப்பினர் அட்டைக்காரர்களுக்கோ 6க்குப் பதில் 8 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கிறது. தள்ளுபடியும் 0.06 என்றுதானே எழுதப்பட்டிருந்தது! நிரல் நிற்கவில்லை; சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. தவறான பணம் மட்டும் அமைதியாகக் கை மாறிக்கொண்டிருந்தது.

நிரலைத் தொகுதிகளாகப் பிரிப்பது என்றால் என்ன, ஏன் என்று புரிந்துகொள்ள இந்த விடுதியே போதும். ஆங்கிலத்தில் மாட்யூல் என்றும் மலாயில் மோடுல் என்றும் சொல்வதைத்தான் இங்கே தொகுதி என்கிறோம்.

எஃகு அலமாரியில் ஒரு நூலகம்

ஒரு முறை எழுதியதைப் பல இடங்களில் பயன்படுத்தும் எண்ணம் கணினிக்கு ஏறத்தாழ உடன்பிறந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே 6 அன்று எட்சாக் என்ற கணினி தன் முதல் நிரலை ஓட்டியது. அதைக் கட்டிய குழுவின் தலைவர் மோரிஸ் வில்க்ஸ். நிரல் எழுதுவது கடினம் என்று அவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். எழுதியதில் உள்ள பிழைகளைத் தேடுவது அதைவிட நீண்ட வேலையாக இருக்கும் என்பதைத்தான் எதிர்பார்க்கவில்லை. இனி வாழ்நாளில் பெரும்பகுதி சொந்தப் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது அந்த ஆண்டே தனக்கு உறைத்ததாக வில்க்ஸ் பின்னாளில் எழுதினார்.

அதற்கு அவர்கள் கண்ட மருந்துகளில் ஒன்று, பிழை நீக்கிச் சோதித்து முடித்த சிறு நிரல்களைச் சேர்த்து வைப்பது. வர்க்கமூலம் காண ஒன்று, அச்சிட ஒன்று என ஒவ்வொன்றும் துளையிட்ட காகித நாடாவாக எஃகு அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தது. புதிய நிரல் எழுதுபவர் தேவையான நாடாவை எடுத்து, இயந்திரத்தில் இட்டுத் தன் நாடாவில் பிரதி எடுத்துக்கொள்வார். 1951இல் அப்படி 87 சிறு நிரல்கள் இருந்தன. அதே ஆண்டு வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் இதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார்கள். இன்று நீங்கள் பைத்தானில் ஒரு வரியில் செய்யும் இறக்குமதி, அந்த அலமாரிக்கு நடந்துபோய் வந்ததன் பேரப்பிள்ளை.

எங்கே வெட்டுவது?

பெரிய கோப்பைப் பிரிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டாலும் அடுத்த கேள்வி கடினமானது. எண்ணூறு வரியை இருநூறு இருநூறாக நான்கு கோப்புகளில் போட்டால் போதுமா? கேக் வெட்டுவதைப் போல அளவு பார்த்து வெட்டினால் ஒரு பயனும் இல்லை. முன்பு ஓர் இடத்தில் தேடியதை இப்போது நான்கு இடங்களில் தேட வேண்டிவரும்.

நடக்கும் வரிசைப்படி பிரிக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். முதலில் தகவல் வாங்குவது, பிறகு கணக்கிடுவது, பிறகு அச்சிடுவது. வகுப்பில் பாய்வுப்படம் வரைந்து பழகிய நமக்கு இது இயல்பான வழி. இதுவும் சரியில்லை என்று 1972இல் ஒருவர் காட்டினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய டேவிட் பர்னாஸ் அவர். நிரல்களைத் தொகுதிகளாகப் பிரிக்க எதை அளவுகோலாகக் கொள்வது என்பதுதான் அவருடைய கட்டுரையின் பொருள். கணினி அறிவியலில் இன்றும் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுக்கப்படும் பழைய கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ஒரு சொல்லடைவு. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, அதன் முதல் சொல்லைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளி, எல்லாச் சொற்களும் ஒரு முறையாவது முன்னால் வருமாறு சுழற்ற வேண்டும். பிறகு எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கி அச்சிட வேண்டும். நூலகத்தில் தலைப்புகளைத் தேட இப்படிப்பட்ட அடைவு உதவும். பர்னாஸ் இதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் விதத்தில் படிப்பது, சுழற்றுவது, அடுக்குவது, அச்சிடுவது என்று வேலை வரிசைப்படி தொகுதிகள். பார்க்க ஒழுங்காக இருந்தாலும், வாக்கியங்கள் கணினியின் நினைவகத்தில் எந்த வடிவில் கிடக்கின்றன என்பது எல்லாத் தொகுதிகளுக்கும் தெரிந்திருந்தது. அந்த வடிவத்தை மாற்றினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும்.

இரண்டாவது விதத்தில், வாக்கியங்களை எப்படிச் சேமிப்பது என்பது ஒரே ஒரு தொகுதியின் இரகசியம். மற்றவை அதனிடம் 'மூன்றாம் வாக்கியத்தின் இரண்டாம் சொல்லில் முதல் எழுத்து என்ன?' என்று கேட்கலாம், பதில் வரும். உள்ளே எப்படி வைத்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு சேமிக்கும் முறை தலைகீழாக மாறினாலும் திருத்த வேண்டியது ஒரு தொகுதியை மட்டும்தான்.

எனவே கத்தியை எடுப்பதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த நிரலில் எதெது நாளை மாறக்கூடும்?' என்பது. மாறக்கூடிய ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வீடு கட்டிக் கதவைச் சாத்துங்கள்.

விடுதிக்குத் திரும்புவோம். மாறக்கூடியவை எவை? வரி விகிதம் மாறும். அதைத்தான் நான்கு முறை பார்த்தோம். கிட்டிய 5 சென் விதி மாறலாம். ரசீதின் தோற்றம் மாறலாம். முதலாளிக்குத் திடீரென்று ரசீதின் மேல் விடுதியின் சின்னம் வேண்டும் என்று தோன்றும். தள்ளுபடி, கேட்கவே வேண்டாம், விளம்பரத்துக்கு விளம்பரம் மாறும். ஆக நான்கு கோப்புகள்: வரி, சில்லறை, ரசீது, தள்ளுபடி. இவற்றை அழைத்து வேலை வாங்க 'விடுதி' என்று ஐந்தாவது கோப்பு.

சில்லறைக் கோப்பில் இருக்கப்போவது இவ்வளவுதான்:

டெஃப் கிட்டிய_தொகை(சென்):
    ரிட்டர்ன் (சென் + 2) // 5 * 5

(பைத்தானின் கட்டளைச் சொற்களை இந்தப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் நீங்களாக வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். பைத்தான் 3 அவற்றை ஏற்றுக்கொள்ளும்.)

தொகையைச் சென்னில் எழுதி, 2 கூட்டி, 5ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, மறுபடி 5ஆல் பெருக்குகிறோம். 12 ரிங்கிட் 43 சென் என்றால் 1243, இரண்டு கூட்டினால் 1245, வகுத்தால் 249, பெருக்கினால் 1245. அதாவது 12 ரிங்கிட் 45 சென். 1242ஐப் போட்டால் 1240 வரும். ஏன் ரிங்கிட்டில் எழுதாமல் சென்னில் எழுதுகிறோம் தெரியுமா? பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். கணினி தசமங்களை இரும எண்களில் தோராயமாகத்தான் பிடித்து வைக்கிறது. பணக் கணக்கில் அந்த வால் தேவையில்லை.

இன்னொன்று. இந்த விதி மொத்தத் தொகைக்கு மட்டுமே, ஒவ்வொரு பொருளுக்கும் அல்ல. 2 ரிங்கிட் 43 சென் விலையில் மூன்று பொருள் வாங்கினால் மொத்தம் 7.29, ரசீதில் 7.30 ஆகும். ஒவ்வொன்றையும் தனித்தனியே 2.45 ஆக்கிக் கூட்டினால் 7.35. ஐந்து சென் ஏமாற்று. நான்கு இடங்களில் பிரதி எடுத்து ஒட்டியிருந்தால் ஏதோ ஓர் இடத்திலாவது இந்தத் தவறு ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. ஒரே இடத்தில் இருந்தால் ஒரு முறை சரிபார்த்தால் போதும்.

ஆனாலும் தொகுதி போட்டுவிட்டதாலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2018இல் எழுதிய வரித் தொகுதி 'தொகையைக் கொடு, வரியைச் சொல்கிறேன்' என்று இருந்திருக்கும். 2024இல் அது போதாது. தொகை அறைக்கா உணவுக்கா என்றும் சொல்லியாக வேண்டும். ஆகவே அதை அழைக்கும் இடங்களையும் திருத்த வேண்டிவரும். கதவுக்கு வெளியேயும் வேலை வந்துவிட்டது. எண் மாறும் என்று எதிர்பார்த்தவர்கள் ஒரே எண் இரண்டாகப் பிளக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் இது நான்கு அழைப்புகளைத் திருத்தும் வேலைதான். எண்ணூறு வரிகளில் எந்த 0.06 எந்த 0.06 என்று ஆராயும் வேலை அல்ல.

இறக்குமதி செய்யும்போது உள்ளே நடப்பது

கோப்புகளைப் பிரித்தாயிற்று. விடுதிக் கோப்பின் தலைப்பில் 'இம்போர்ட் சில்லறை' என்று எழுதுகிறீர்கள். பைத்தான் என்ன செய்யும்? சில்லறை என்ற பெயரில் ஒரு கோப்பைத் தேடும். கிடைத்ததும் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு முறை ஓட்டும். அதில் உருவான பெயர்களையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, 'சில்லறை' என்று பெட்டியின் மேல் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு வேறு எந்தக் கோப்பு 'இம்போர்ட் சில்லறை' என்று கேட்டாலும் மறுபடி ஓட்டாது. அதே பெட்டியைக் காட்டும். உங்கள் கோப்புறையில் 'பைகேஷ்' என்ற பெயரில் ஒரு கோப்புறை தானாக முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறக்குமதி செய்த கோப்பை அடுத்த முறை விரைவாக ஏற்ற, பைத்தான் மொழிபெயர்த்து வைத்திருக்கும் வடிவம் அது. அழித்தாலும் மறுபடி வரும், பயப்பட வேண்டாம்.

முழுக் கோப்பும் ஓடும் என்பதை மறந்துவிடாதீர்கள். வரித் தொகுதியைச் சோதிப்பதற்காக அதன் அடியில் சில அச்சிடும் வரிகளை எழுதி வைத்திருந்தால், விடுதி நிரல் அதை இறக்குமதி செய்யும்போது அவையும் அச்சாகும். வாடிக்கையாளர் முன்னால் திரையில் உங்கள் சோதனை எண்கள் ஓடும்! இதற்காகத்தான் அனுபவமுள்ள நிரலர்களின் கோப்புகளில் ஒரு விசித்திர வரி இருக்கும்: நேம் என்ற சொல்லின் இரு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் போட்டு, அது மெயின் என்பதற்குச் சமமா என்று கேட்கும். கோப்பை நேரடியாக ஓட்டினால் அதன் பெயர் மெயின். இறக்குமதி செய்தால் அதன் சொந்தப் பெயர். சோதனை வரிகளை அந்த நிபந்தனைக்குக் கீழே வைத்தால், நீங்கள் ஓட்டும்போது மட்டும் அவை ஓடும்.

அடுத்து, பைத்தான் எங்கெங்கே தேடும்? தன் உடம்பிலேயே கட்டப்பட்ட சில தொகுதிகளில் முதலில். பிறகு நீங்கள் ஓட்டும் கோப்பு இருக்கும் கோப்புறையில். அதற்கும் பிறகுதான் பைத்தானோடு வரும் பெரிய நூலகத்தில். கடைசியாக நீங்கள் பிப் வழியாக நிறுவியவற்றில். இந்த வரிசை தெரியாமல் உலகெங்கும் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பகடை விளையாட்டுக்கு நிரல் எழுதி, அந்தக் கோப்புக்கே 'ராண்டம்' என்று பெயர் வைப்பார்கள். உள்ளே முதல் வரி 'இம்போர்ட் ராண்டம்'. பைத்தான் நூலகத்தை எட்டுவதற்கு முன்பே அதே கோப்புறையில் அந்தப் பெயரைக் கண்டுவிடும். உங்கள் கோப்பு தன்னைத்தானே இறக்குமதி செய்துகொள்ளும்! ராண்டம் தொகுதியில் ராண்டின்ட் என்று ஒன்றுமே இல்லை என்று பிழைச்செய்தி வரும். புத்தகத்தில் இருக்கிறதே என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். 2024இல் வெளிவந்த பைத்தான் 3.13 கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: 'உங்கள் கோப்புக்கும் நூலகத் தொகுதிக்கும் ஒரே பெயர், மாற்றிப் பாருங்கள்' என்ற பொருளில் குறிப்புத் தருகிறது. பள்ளிக் கணினியில் பழைய பதிப்பு இருந்தால் அந்த இரக்கம் கிடைக்காது.

இரண்டு 'வரி'களின் சண்டை

தமிழில் வரி என்றால் அரசாங்கத்துக்குக் கட்டுவதும்தான், தாளில் எழுதுவதும்தான். இந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டும் இருக்கின்றன. ஆனாலும் நீங்கள் குழம்பவில்லை, சூழல் உங்களுக்குச் சொல்லிவிட்டது. கணினிக்குச் சூழல் தெரியாது.

விடுதி நிரலில் இரண்டு மாணவர்கள் சேர்ந்து வேலை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரசீதுத் தொகுதி எழுதுகிறார். தாளில் ஒரு வரியை அச்சிடும் செயற்கூறுக்கு 'வரி' என்று பெயர் வைக்கிறார். மற்றவர் வரித் தொகுதிக்குச் 'சுங்கம்' என்று பெயர் மாற்றி, அதனுள் வரியைக் கணக்கிடும் செயற்கூறுக்கு 'வரி' என்றே பெயர் வைக்கிறார். இரண்டும் நியாயமான பெயர்கள். இப்போது விடுதிக் கோப்பில் 'ஃப்ரம் ரசீது இம்போர்ட் *', அடுத்து 'ஃப்ரம் சுங்கம் இம்போர்ட் *' என்று எழுதினால் என்ன ஆகும்? நட்சத்திரக் குறிக்கு 'உள்ளதையெல்லாம் கொட்டு' என்று பொருள். முதலில் ரசீதின் 'வரி' வரும். பிறகு சுங்கத்தின் 'வரி' வந்து அதே பெயர்ப்பலகையைப் பிடுங்கிக்கொள்ளும். சண்டை நடந்ததாகவே உங்களுக்குத் தகவல் வராது. இரண்டு வாக்கியங்களையும் இடம் மாற்றினால் வெற்றி பெறுபவரும் மாறுவார்.

'இம்போர்ட் ரசீது', 'இம்போர்ட் சுங்கம்' என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. ஒன்றை ரசீது.வரி என்றும் மற்றதைச் சுங்கம்.வரி என்றும் அழைப்பீர்கள். நம் வகுப்புகளில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவதில்லையா, அதேதான். தட்டச்சு கொஞ்சம் கூடும். ஆனால் ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறப்பவர், எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அந்த இடத்திலேயே படித்துக்கொள்வார். ஒன்றிரண்டு பெயர்கள்தான் வேண்டும் என்றால் 'ஃப்ரம் சில்லறை இம்போர்ட் கிட்டிய_தொகை' என்று பெயர் சொல்லிக் கேட்கலாம், அதில் தவறில்லை. நட்சத்திரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இது கற்பனைச் சண்டை என்றால், பைத்தானிலேயே உண்மையான சண்டை இருக்கிறது. 'பவ்' என்ற செயற்கூறு மொழியோடு கூடவே வருவது. 2இன் மூன்றாம் அடுக்கைக் கேட்டால் 8 தரும். 'மேத்' தொகுதியை நட்சத்திரத்தோடு இறக்குமதி செய்துவிட்டு அதையே கேளுங்கள். 8.0 வரும். 'மேத்' தன் சொந்தப் பவ்வைக் கொண்டுவந்து பழையதை மறைத்துவிட்டது. முழு எண் தசம எண்ணாகிவிட்டது; சற்று முன்பு சென் கணக்கில் எதைத் தவிர்த்தோமோ அதுவே பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

வட்டமாகச் சுற்றும் இறக்குமதியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ரசீது சுங்கத்தை இறக்குமதி செய்கிறது. சுங்கம் ஏதோ அச்சிடுவதற்காக ரசீதை இறக்குமதி செய்கிறது. முதலாவது பாதி ஓடிய நிலையில் இரண்டாவது தொடங்கி, முதலாவதிடம் இன்னும் உருவாகாத பெயரைக் கேட்கும். தொகுதி பாதிதான் தயாராகியிருக்கிறது, வட்ட இறக்குமதியாக இருக்கலாம் என்று பைத்தான் சொல்லும். இறக்குமதி வரியைக் கோப்பின் நடுவே நகர்த்தி இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. அதைவிட, வரிக் கணக்குக்கு ரசீதைப் பற்றித் தெரிய வேண்டிய அவசியம் என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் அவசியமே இருக்காது. எண்ணைத் திருப்பித் தந்தால் போதும். அச்சிடுவது ரசீதின் வேலை.

ராக்கெட்டுக்குள் பழைய தொகுதி

சோதித்து முடித்த தொகுதியை இறக்குமதி செய்தால் கவலையே இல்லை என்று எட்சாக் காலத்தவர்கள் நம்பியதில் பெரும்பகுதி உண்மை இருக்கிறது. மீதிப் பகுதிக்கு 1996 ஜூன் 4 அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடிகளில் பாதை விலகிச் சிதறியது. அதில் இருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்கும் கருவியின் மென்பொருள் ஏரியான் 4இலிருந்து எடுக்கப்பட்டது. ஏரியான் 4இல் அது நன்றாகவே வேலை செய்தது. அதில் ஓரிடத்தில், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் தசம எண் ஒன்று 16 பிட் முழு எண்ணாக மாற்றப்பட்டது. 16 பிட்டில் 32,767க்கு மேல் கொள்ளாது. ஏரியான் 4 பறந்த பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளராது என்பதால் அங்கே பாதுகாப்புச் சோதனை வைக்கவில்லை. ஏரியான் 5 வேறு பாதையில், வேறு வேகத்தில் போனது. எண் நிரம்பி வழிந்தது, கருவி நின்றது. மாற்றுக்கருவியும் அதே மென்பொருளை ஓட்டியதால் அதுவும் நின்றது. இதில் வேதனை என்னவென்றால், நிரம்பி வழிந்த அந்தக் கணக்கு ஏரியான் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது.

தொகுதியில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. 'இந்த எண் இதற்கு மேல் போகாது' என்ற நிபந்தனை அதன் உள்ளே மௌனமாக உட்கார்ந்திருந்தது. புதிய வீட்டுக்குக் குடிபோகும்போது யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

நம் சில்லறைத் தொகுதியிலும் அப்படி ஒரு நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது, கவனித்தீர்களா? தொகை சென்னில் வர வேண்டும். தெரியாமல் ஒருவர் ரிங்கிட்டில் 12.43 என்று கொடுத்தால் அது 14.43 ஆகி, 5ஆல் வகுபட்டு மீதி போய், 10.0 என்று திரும்பும். பிழைச்செய்தி இல்லாமல் வாடிக்கையாளருக்கு 2 ரிங்கிட் 43 சென் இனாம்! ஆகவே கோப்பின் தலைப்பில் 'தொகை சென்னில், முழு எண்ணாக இருக்க வேண்டும்' என்று எழுதி வையுங்கள். எழுதினால் மட்டும் எல்லாரும் படித்துவிட மாட்டார்கள். முழு எண் இல்லாவிட்டால் நிரல் உரத்துக் கத்தி நிற்கும்படி ஒரு சோதனையும் சேருங்கள். அமைதியான தவறான விடையைவிட அந்தக் கூச்சல் எவ்வளவோ மேல்.

வெளியார் எழுதிய தொகுதிகளைப் பிப் வழியாக நிறுவும்போதும் இதே கவனம் வேண்டும். பெயரை எழுத்துப் பிசகாமல் தட்டுங்கள். புகழ்பெற்ற தொகுதிகளின் பெயரைப் போலவே பெயர் வைத்துத் தீங்கு நிரல்களை உலவ விடுபவர்கள் உண்டு.

இந்த வாரம் செய்து பார்க்க

சில்லறைக் கோப்பை எழுதி, 0 முதல் 9 வரை பத்து எண்களையும் கொடுத்துப் பாருங்கள். 0, 0, 0, 5, 5, 5, 5, 5, 10, 10 என்று வர வேண்டும். இந்தச் சோதனையை அந்த விசித்திர 'நேம்' நிபந்தனைக்குக் கீழே வையுங்கள். பிறகு வேறொரு கோப்பிலிருந்து இறக்குமதி செய்து, சோதனை எண்கள் திரையில் வராததை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அது முடிந்ததும் ஒரு புதிர். ஒருநாள் 5 சென் நாணயமும் புழக்கத்திலிருந்து போய், எல்லாத் தொகையும் கிட்டிய 10 சென்னுக்கு மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தில் எந்த இரண்டு எண்களை மாற்றுவீர்கள்? மொத்தம் சரியாக 15 சென் என்று முடிந்தால் உங்கள் நிரல் மேலே ஏற்றுமா, கீழே இறக்குமா? விடுதிக் கோப்பைத் திறக்காமலேயே இதைச் செய்து முடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.